வெஸ்ட் நகரத் தன்னார்வத் தீயணைப்புப் படையின் ஓராண்டு (2013 – 2014): தொண்டும் அறியாமையும் குறித்த வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட் என்னும் சிற்றூரில் 2013 ஏப்ரல் 17 அன்று உரக்கிடங்கு ஒன்று தீப்பற்றி வெடித்தது. இறந்தோர் 15 பேர். அவர்களுள் 12 பேர் தீயை அணைக்கச் சென்றவர்கள். அவ்வூரின் தன்னார்வத் தீயணைப்புப் படை அந்நாள் முதல் அடுத்த ஆண்டின் ஏப்ரல் வரை கடந்துவந்த காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கிடங்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றிய தகவல் அரசின் ஆவணங்களில் இருந்தது. தீயின் முன் நின்றவர்களுக்கு அது செயலுக்கு உதவும் அறிவாகச் சென்று சேரவில்லை. இவ்விடைவெளி தனிமனிதரின் துணிவுக் குறையாலோ கவனக் குறையாலோ தோன்றியதன்று. தன்னார்வத் தொண்டின்மீது அரசு சுமத்திய பொறுப்புக்கும் அதற்கு அளித்த துணைக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வால் தோன்றியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தன்னார்வத் தீயணைப்புப் படை, வெஸ்ட், டெக்சாஸ், அம்மோனியம் நைட்ரேட், உரக்கிடங்கு, பேரிடர் வரலாறு, மணலி.

முன்னுரை

பேரிடர்களின் வரலாறு பெரும்பாலும் இறந்தோர் எண்ணிக்கையாலும் இழப்பின் மதிப்பாலும் எழுதப்படுகிறது. பேரிடரை எதிர்கொள்ளச் சென்றவர்கள் அவ்வரலாற்றில் ஈகியராகப் போற்றப்படுகின்றனர். போற்றுதல் முறையானதே. ஆயினும், போற்றுதலோடு வரலாறு நின்றுவிடுமாயின், அவர்கள் எதை அறிந்து சென்றனர், எதை அறியாது சென்றனர், அறியாமைக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்கள் எழாமற் போகின்றன. வெஸ்ட் நகர நிகழ்வு அவ்வினாக்களை எழுப்புவதற்கு உரிய களமாகும். அந்நிகழ்வு குறித்து மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகம், கூட்டரசின் வேதியியல் பாதுகாப்பு வாரியம் முதலிய அமைப்புகள் விரிவாக ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டுள்ளன. ஒரு சிற்றூரின் தன்னார்வப் படை இவ்வளவு நுணுக்கமாக ஆவணப்படுத்தப்படுவது அரிது.

தன்னார்வ மரபு

அமெரிக்காவில் தீயணைப்பு ஊராரின் பொதுக் கடமையாகவே தொடங்கியது. 1736 டிசம்பர் 7 அன்று பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர்தம் நண்பர்களும் ‘யூனியன் தீயணைப்புக் குழு’வை நிறுவினர். தோல் வாளிகளையும், வீட்டுப் பொருள்களை அள்ளிக் காப்பதற்கான பைகளையும் ஒவ்வோர் உறுப்பினரும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. குழுவின் உறுப்பினர் எண்ணிக்கை முப்பது என வரையறுக்கப்பட்டமையால், சேர விரும்பிய மற்றவர்கள் வேறு குழுக்களை அமைத்துக்கொண்டனர். இவ்வாறு மரபு பரவியது. 1853-இல் சின்சினாட்டி நகரம் முழுநேர ஊதியப் படையை அமைத்த பின்னர், பெருநகரங்கள் ஒவ்வொன்றாக அவ்வழியில் சென்றன. சிற்றூர்களோ பழைய வழியிலேயே நின்றன. 2013-ஆம் ஆண்டு நிலவரப்படி அந்நாட்டின் தீயணைப்பு வீரர்களுள் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் தன்னார்வலர்கள்.

தன்னார்வலர் என்போர் வேறு தொழிலால் பிழைப்பவர்கள். அழைப்பு வந்தால் கடையையோ வயலையோ விட்டுவிட்டு நிலையத்துக்கு விரைபவர்கள். வண்டிக்கும் கருவிக்கும் வேண்டிய பணத்தின் ஒரு பகுதியைப் பொதுவிருந்து நடத்தித் திரட்டும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. இவர்களைச் சட்டம் இருவேறு கண்ணால் பார்த்தது. பணியில் இறந்த தன்னார்வலரின் குடும்பத்துக்கும் கூட்டரசின் உதவித்தொகை உண்டு. ஆனால், ஊதியம் பெறும் வீரருக்கு டெக்சாஸ் மாநிலம் கட்டாயமாக்கியிருந்த குறைந்தபட்சப் பயிற்சித் தகுதி தன்னார்வலருக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. இறப்பில் கிடைத்த சமநிலை பயிற்சியில் கிடைக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

ஊரும் கிடங்கும்

வெஸ்ட் நகரம் மெக்லென்னன் கவுண்டியில், வேக்கோ நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2010 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 2,807. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிய செக் இன மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு மிகுதி. அவ்வூர்த் தன்னார்வப் படையில் ஏறத்தாழ 30 பேர் இருந்தனர். ஊரின் மேயரும் அப்படையின் உறுப்பினர்களுள் ஒருவர். ஊர் வேறு, படை வேறு என்று பிரித்துப் பார்க்க இயலாத நிலை அது.

சுற்றுவட்டாரத்து உழவர்களுக்கு உரமும் விதையும் விற்ற கிடங்கு 1960களின் தொடக்கத்தில் ஊரின் புறத்தே அமைக்கப்பட்டது. காலப்போக்கில் ஊர் அதனை நோக்கி வளர்ந்தது. 2013-இல் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 450 அடியில் அடுக்குமாடிக் குடியிருப்பும், 550 அடியில் பள்ளியும், 600 அடியில் முதியோர் இல்லமும் இருந்தன. இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. பல பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக இசைவு பெற்று எழுந்தவை. ஒவ்வோர் இசைவும் தனித்தனியே நோக்கின் இயல்பானதாகத் தோன்றியிருக்கும். மொத்தமாக நோக்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

கிடங்கின் கட்டடம் மரத்தாலானது. அம்மோனியம் நைட்ரேட் உரம் மரத் தடுப்பறைகளில் குவிக்கப்பட்டிருந்தது. அதே கட்டடத்தில் எளிதில் தீப்பற்றும் விதைகளும் வைக்கப்பட்டிருந்தன. தீ உணர்கருவியோ தானியங்கி நீர்த்தெளிப்பானோ அங்கு இல்லை. டெக்சாஸில் மாநிலம் முழுமைக்குமான தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு இல்லாமையால், அவ்விடத்தைக் கட்டுப்படுத்தும் தீ விதி எதுவும் நடைமுறையில் இருக்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடங்கள்

2013 ஏப்ரல் 17, புதன்கிழமை. மாலை 7.29 மணிக்குக் கிடங்கில் தீ என்னும் அழைப்பு அவசர உதவி எண்ணுக்குச் சென்றது. வெஸ்ட் படையினர் வந்தனர். ஊரில் அன்று மாலை அவசர மருத்துவ உதவிப் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவ்வகுப்பில் இருந்த அண்டை ஊர்களின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் சிலரும் தாமாகவே புறப்பட்டு வந்து இணைந்தனர். தீ மிக விரைவாகப் பரவியது. போதிய நீர் தரும் தீயணைப்புக் குழாய் அருகில் இல்லாமையால், தொலைவிலிருந்து நீர்க்குழல் இழுக்க வேண்டியதாயிற்று. மாலை 7.51 மணிக்குக் கிடங்கு வெடித்தது.

வெடித்த அம்மோனியம் நைட்ரேட் ஏறத்தாழ 30 டன் எனக் கணக்கிடப்பட்டது. கிடங்கு இருந்த இடத்தில் 93 அடி அகலமும் 12 அடி ஆழமும் கொண்ட பள்ளம் உண்டாயிற்று. நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் அவ்வதிர்வை 2.1 அளவினதாகப் பதிவு செய்தன. காயமுற்றோர் 260-க்கும் மேற்பட்டோர். கிடங்குக்கு வெளியே சேதமுற்ற கட்டடங்கள் 150-க்கும் மேற்பட்டவை. அடுக்குமாடிக் குடியிருப்பு சிதைந்தது. ஊரின் பள்ளிகள் பெருஞ்சேதமுற்றன. வெடிப்பு மாலையில் நிகழ்ந்ததால் மட்டுமே பள்ளிக் குழந்தைகள் தப்பினர்.

இவ்விருபத்திரண்டு நிமிடங்களைப் பற்றிய மையக் கேள்வி, படையினர் எதற்கு அஞ்சினர் என்பதாகும். கிடங்கில் நீரற்ற அம்மோனியா நிரம்பிய பெரிய கலன்கள் இருந்தன. அவை வெடித்து நச்சுவளி ஊருக்குள் பரவுமோ என்பதே அவர்களின் முதன்மையான அச்சம். அக்கலன்கள் தப்பின. அவர்கள் அவ்வளவாக அஞ்சாத உரக்குவியலே வெடித்தது. இவ்வச்சம் தவறான திசையில் சென்றமைக்குக் காரணம் உண்டு. அது பின்னர் ஆராயப்படும்.

உயிரிழந்தோர்

இறந்த 15 பேருள் மூவர் பொதுமக்கள்: இருவர் அடுக்குமாடிக் குடியிருப்பினர், ஒருவர் முதியோர் இல்லத்தவர். எஞ்சிய 12 பேரும் தீயின் முன் நின்றவர்கள். அவர்களுள் ஐவர் வெஸ்ட் படையைச் சேர்ந்தவர்கள். நால்வர் பயிற்சி வகுப்பிலிருந்து வந்த அண்டை ஊர்ப் படையினர். ஒருவர், விடுப்பிலிருந்த டல்லஸ் மாநகரத் தீயணைப்பு அலுவலர். இருவர் எந்தப் படையிலும் பெயர் பதியாமல், உதவும் பொருட்டு வந்த ஊரார்.

வெஸ்ட் படையின் ஐவருள் இருவர் உடன்பிறந்தோர். ஒருவர் நகராட்சியின் செயலர். இன்னொருவர் அந்த உரக்கிடங்கிலேயே பணியாற்றியவர். இறுதியாகச் சொல்லப்பட்ட செய்தி தனிக் கவனத்துக்குரியது. கிடங்கை நாள்தோறும் கண்டவர், அதன் சரக்கைக் கையாண்டவர், அதே கிடங்கின் தீயை அணைக்கச் சென்று இறந்தார். பொருளோடு பழகியிருத்தல் வேறு, தீயில் அப்பொருள் எவ்வாறு நடந்துகொள்ளும் என அறிதல் வேறு. முன்னது நம்பிக்கையைத் தருகிறது. அந்நம்பிக்கையே சில வேளைகளில் பின்னதை மறைத்துவிடுகிறது.

பதிவு பெறாத இருவரையும் வேதியியல் பாதுகாப்பு வாரியம் மீட்புப் பணியாளராகவே எண்ணியது. சிற்றூர்த் தீயணைப்பின் இயல்பை இக்கணக்கு காட்டுகிறது. அங்கே படைக்கும் ஊருக்கும் இடையிலான எல்லை, உறுப்பினர் பதிவேட்டில் இருக்கும் ஒரு கோடு மட்டுமே.

ஏட்டில் இருந்த அறிவு

அம்மோனியம் நைட்ரேட் தானாக எரிவதில்லை. எரியும் பிற பொருளுக்கு உயிர்வளி தந்து தீயை வளர்ப்பது. தூய நிலையில், திறந்த வெளியில், அதனை வெடிக்கச் செய்தல் கடினம். ஆனால், கடுஞ்சூட்டில் உருகி, கரியும் பிற கரிமப் பொருளும் கலந்து, அடைபட்ட நிலையில் இருக்குமாயின் அது வெடிமருந்தாகிறது. உழவர்க்கு உரமாகவும் சுரங்கத்தார்க்கு வெடிபொருளாகவும் ஒரே பொருள் பயன்படுவது இவ்வியல்பினாலேயே.

இப்பொருள் கிடங்கில் இருந்தமை மறைபொருளன்று. 270 டன் அளவு வரை அம்மோனியம் நைட்ரேட் வைக்கப்படுவதாக 2012-ஆம் ஆண்டுக்கான இருப்பறிக்கையில் நிறுவனமே மாநில அரசுக்குத் தெரிவித்திருந்தது. எனினும், அரசின் பல கைகள் அப்பொருளைப் பல விதமாகப் பார்த்தன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இடர் மேலாண்மைப் பட்டியலில் நீரற்ற அம்மோனியா இருந்தது. அம்மோனியம் நைட்ரேட் இல்லை. ஆதலால், நிறுவனம் அளித்த இடர் மேலாண்மைத் திட்டம் அம்மோனியாக் கசிவைப் பற்றியே பேசியது; தீ, வெடிப்பு ஆகியவை அதில் இடராகக் கொள்ளப்படவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, 1995 ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பின் நினைவில், அம்மோனியம் நைட்ரேட்டைக் களவுக்கும் பயங்கரவாதத்துக்கும் உரிய பொருளாக நோக்கியது. அத்துறைக்கு இக்கிடங்கின் இருப்பு தெரிவிக்கப்படவே இல்லை. தொழிலாளர் பாதுகாப்பு நிருவாகம் கிடங்கை இறுதியாக ஆய்வு செய்தது 1985-இல்.

இப்பின்புலத்தில், படையினர் அம்மோனியாக் கலன்களுக்கு அஞ்சியமை வியப்புக்குரியதன்று. அரசின் பட்டியலும் அதற்கே அஞ்சியிருந்தது. பட்டியலில் இல்லாத இடர், திட்டத்தில் இல்லை. திட்டத்தில் இல்லாதது பயிற்சியில் இல்லை. பயிற்சியில் இல்லாதது தீயின் முன் நின்றவரின் நினைவில் எழவில்லை. வேதியியல் பாதுகாப்பு வாரியத்தின் இறுதி அறிக்கையும் படையினரின் இறப்புக்கு முறையான களத் தலைமை இன்மை, தீமிகு பொருள்கள் பற்றிய பயிற்சிக் குறைவு, முன்திட்டம் இன்மை, வழிகாட்டு நூல்கள் தமக்குள் முரண்பட்டமை முதலியவற்றைக் காரணமாகச் சுட்டியது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இருப்பறிக்கை உள்ளூர்த் தீயணைப்புப் படைக்கும் செல்ல வேண்டியதே. ஆகவே, படை தானே முன்திட்டம் வகுத்திருக்கலாம் என்பது அம்மறுப்பு. இது முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும், அளவையும் பெயரையும் மட்டும் தரும் ஒரு படிவத்திலிருந்து வெடிப்பின் தன்மையை உய்த்துணர்தல் வேதியியல் அறிந்தார்க்கே எளிது. பகலில் வேறு தொழில் செய்து, மாலையில் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கும் ஒருவரிடம் அவ்வறிவை எதிர்பார்த்தால், அதனைக் கற்பிக்கும் கடமை எதிர்பார்ப்பவருக்கு உரியதாகிறது.

எஞ்சிய மாதங்கள்

ஏப்ரல் 25 அன்று வேக்கோவிலுள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் நினைவேந்தல் நிகழ்ந்தது. குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா உரையாற்றினார். பல ஊர்களின் தீயணைப்பு வண்டிகள் அணிவகுத்து வந்தன. வெஸ்ட் படையோ உறுப்பினர்களை மட்டுமன்றி வண்டிகளையும் இழந்திருந்தது. வீடிழந்தோர் படையிலும் இருந்தனர்.

துயரத்தைப் பணமும் பின்தொடர்ந்தது. காப்பீடு சார்ந்த இழப்பு ஏறத்தாழ 23 கோடி டாலர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. நிறுவனம் பிறர்க்கு நேரும் தீங்குக்காக எடுத்திருந்த காப்பீடு 10 இலட்சம் டாலர் மட்டுமே. சூன் மாதத்தில் கூட்டரசின் அவசர நிலை மேலாண்மை முகமை, நகரின் மறுகட்டமைப்புக்கான கூடுதல் உதவியை மறுத்தது. மாநிலம் மேல்முறையிட்டதன் பின், ஆகஸ்டு 2 அன்று பேரிடர் அறிவிப்பு வெளியாயிற்று. அதற்கு முந்தைய நாள், ஆகஸ்டு 1 அன்று, வேதியியல் நிலையங்களின் பாதுகாப்பை மேம்படுத்துமாறு பல துறைகளையும் பணிக்கும் ஆணையைக் குடியரசுத் தலைவர் பிறப்பித்தார். அக்டோபரில் தொழிலாளர் பாதுகாப்பு நிருவாகம் 24 விதிமீறல்களுக்காக நிறுவனத்துக்கு 1,18,300 டாலர் தண்டம் விதித்தது. 2014 ஏப்ரல் 22 அன்று வேதியியல் பாதுகாப்பு வாரியம் தன் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய நிகழ்வு இது என்பதே அவற்றின் சாரம்.

இவ்வோராண்டுக்குள் சட்டம் எதுவும் மாறவில்லை. அம்மோனியம் நைட்ரேட் கிடங்குகளை ஆய்வு செய்யத் தீயணைப்பு அலுவலர்க்கு உரிமை தந்து, எரியும் பொருளை அதிலிருந்து 30 அடி விலக்கி வைக்கச் சொல்லும் மாநிலச் சட்டம் 2015-இல்தான் நிறைவேறியது. தீயின் காரணம் குறித்தும் முடிவு எளிதில் எட்டப்படவில்லை. 2016 சனவரியில் வெளியான வாரியத்தின் இறுதி அறிக்கை பல வாய்ப்புகளைத் திறந்தே வைத்தது. அவ்வாண்டு மே மாதம் கூட்டரசின் புலனாய்வு முகமை, தீ வேண்டுமென்றே மூட்டப்பட்டது என அறிவித்தது. தீயை எவர் மூட்டினும், தீ வெடிப்பாக மாறுவதற்கான சூழல் பல்லாண்டுகளாக அங்கே இருந்தது என்பதில் மாற்றமில்லை.

முன்நிகழ்வுகளும் பின்நிகழ்வும்

வெஸ்ட் நிகழ்வுக்கு 66 ஆண்டும் ஒரு நாளும் முன்னர், 1947 ஏப்ரல் 16 அன்று, அதே மாநிலத்தின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் ‘கிராண்ட்கேம்ப்’ என்னும் கப்பல் வெடித்தது. சரக்கு ஏறத்தாழ 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் உரம். அணைக்கச் சென்ற அந்நகரத் தன்னார்வப் படையின் 28 பேருள் 27 பேர் இறந்தனர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1944 ஏப்ரல் 14 அன்று, பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் ஏற்றியிருந்த ‘போர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்ததில் தீயணைப்பு வீரர் 66 பேர் உயிரிழந்தனர். அந்நாளே இந்தியாவில் தீயணைப்போர் நினைவு நாளாகப் போற்றப்படுகிறது. தமிழகத் தீயணைப்பு நிலையங்களும் அன்று தொடங்கித் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கின்றன.

2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, எரியும் கிடங்கில் இருப்பது இன்னதென அறியாமல் சென்ற தீயணைப்புப் படையின் 10 பேர் மாண்டனர். அச்செய்தி தமிழகத்தில் உடனடி விளைவை உண்டாக்கியது. சுங்கத் துறை 2015-இல் கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், சென்னை மணலியிலுள்ள சரக்குப்பெட்டக நிலையத்தில் 37 பெட்டகங்களில் இருந்தது அப்போதுதான் பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது. சில நாள்களுக்குள் அது ஏலம் விடப்பட்டு ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. இந்தியாவில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கெனத் தனி விதிகள் 2012-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. விதி இருந்தது; பொருளும் ஐந்தாண்டு இருந்தது. அதை அகற்றியது விதியன்று, வேறொரு நாட்டின் இறப்பு. அறிவு ஏட்டில் இருந்தும் களத்துக்கு வந்து சேராமை டெக்சாஸுக்கு மட்டும் உரிய குறையன்று என்பதை மணலி நினைவூட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெஸ்ட் படையினரின் இறப்புக்குத் துணிவு மிகுதியைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அவர்கள் அறிந்த இடருக்கு உரிய அச்சத்தோடுதான் இயங்கினர். இரண்டாவது, அவ்விடரை அவர்களுக்கு அறிவித்த ஆவண ஒழுங்கே ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தது. மூன்றாவது, தன்னார்வத் தொண்டு அரசின் செலவைக் குறைக்கிறது. ஆனால் அரசின் கடமையைக் குறைப்பதில்லை. ஊதியம் பெறாதவரிடம் உயிரைக் கேட்கும் அமைப்பு, அவருக்கு அறிவையாவது முன்கூட்டியே தர வேண்டும்.

ஏப்ரல் 14, 16, 17 என அடுத்தடுத்த நாள்களில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று வெடிப்புகளிலும் தீயணைப்போர் தீயை நோக்கியே சென்றனர். ஆண்டுதோறும் நினைவு நாளில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. தம் எல்லைக்குள் உள்ள கிடங்குகளின் பட்டியல், அவற்றில் இருக்கும் பொருள்கள், தீப்பற்றினால் எவ்வளவு தொலைவு விலக வேண்டும் என்னும் குறிப்பு ஆகியவை அதே நாளில் ஒவ்வொரு நிலையத்திலும் சரிபார்க்கப்படுமாயின், அது இறந்தோர்க்குச் செய்யும் நினைவாகவும் இருப்போர்க்குச் செய்யும் காப்பாகவும் அமையும்.